வீடிழந்தவரிடம் இடம் கேட்ட இறைவன்

பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுப் புறப்படுவது மனிதனுக்கு எளிதான செயல் அன்று. வீடு என்பது செங்கல்லும் மண்ணும் மரமும் மட்டுமாக இருந்தால், அதை விட்டு வேறோர் இடத்திற்குப் போவதில் துயரம் ஏதும் இருக்காது. பாட்டனார் திருநீறு பூசி அமர்ந்திருந்த திண்ணை, தாய் நாள்தோறும் கோலமிட்ட வாசல், குழந்தை முதன்முதலாக அடியெடுத்து வைத்த கூடம், தந்தையின் உயிர் பிரிந்த அறை, தலைமுறை தலைமுறையாக விளக்கெரிந்த பூஜை மாடம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே வீடு. மனம் அங்கே வேர் ஊன்றிவிடுகிறது. அதனால்தான் வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்திடும்போது முதியவர்களின் கை நடுங்குகிறது.

அந்த நடுக்கத்திற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. 'இதுவரை இந்த வீடு என்னைத் தாங்கியது. இனி என்னைத் தாங்குவது எது?' என்பதே அக்கேள்வி. 'இறைவன் தாங்குவான்' என்று சாஸ்திரங்கள் பதில் கூறுகின்றன. அந்தப் பதிலை வாயால் சொல்வது எளிது. கைக்குழந்தையும் கண்ணீருமாக நடுத்தெருவில் நிற்கும் வேளையிலும் அதை உண்மையென்று வாழ்ந்து காட்டுவது மிகமிக அரிது. அவ்வாறு வாழ்ந்து காட்டிய ஓர் எளிய கிரகஸ்தரின் வாழ்க்கை நம் முன் இருக்கிறது. அவரே க்ஷுதிராம் சட்டோபாத்யாயர். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் தந்தை.

தேரே கிராமத்து இல்லம்

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், காமார்புகூருக்கு மேற்கே சுமார் 2 மைல் தொலைவில் உள்ளது தேரே என்னும் சிற்றூர். அங்கே மாணிக்கராம் சட்டோபாத்யாயர் என்ற அந்தணரின் மூத்த மகனாக 1775-ஆம் ஆண்டு பிறந்தார் க்ஷுதிராம். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பப் பொறுப்பு அவரிடம் வந்தது. சுமார் 150 பிகா, அதாவது ஏறத்தாழ 50 ஏக்கர் நிலம் அக்குடும்பத்திற்கு இருந்தது. பெருஞ்செல்வம் என்று சொல்ல முடியாது; ஆனால் உண்ணவும் உடுக்கவும், வந்த விருந்தினருக்குப் படைக்கவும் குறைவில்லை.

ராமபிரானே அவர்களின் குலதெய்வம். காலையில் சந்தியாவந்தனம் முடித்து, தம் கையால் மலர் பறித்து, ரகுவீரரை வழிபட்ட பிறகே க்ஷுதிராம் தண்ணீரும் அருந்துவார். அவரது துணைவியார் சந்திரமணி தேவி சூதுவாது அறியாத உள்ளம் படைத்தவர். 1805-இல் ராம்குமார் என்ற மகனும், 1810-இல் காத்யாயனி என்ற மகளும் பிறந்தனர். உடன்பிறந்தோர், உழவர், பசுக்கள், பூஜை என்று நிறைந்திருந்தது அந்த இல்லம்.

அக்கால வங்காளத்தில் ஜமீன்தாரின் கை ஓங்கியிருந்தது. 1793-இல் காரன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம், கம்பெனிக்குக் குறித்த வரியைச் செலுத்தும் ஜமீன்தாரையே நிலத்தின் உரிமையாளராக ஆக்கியது. குடியானவர்களின் வாழ்வும் தாழ்வும் அவருடைய மனப்போக்கைப் பொறுத்தே அமைந்தன. எளியவருக்குப் புகலிடமாக இருக்க வேண்டிய நீதிமன்றம், பல நேரங்களில் வலியவரின் கைக்கருவியாகவும் மாறியது. தேரே கிராமம் ராமானந்த ராய் என்ற ஜமீன்தாரின் ஆளுகையில் இருந்தது. தமக்குப் பிடிக்காத குடிகளை வழக்கில் சிக்க வைத்து அவர்களின் உடைமையைப் பறிப்பதில் அவர் தயங்காதவர்.

1814-ஆம் ஆண்டு அவர் தம் குடிகளில் ஒருவர் மீது பொய் வழக்கு ஒன்றைத் தொடுத்தார். வழக்கு வெல்ல வேண்டுமானால் ஊரே மதிக்கும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் அந்த ஊரில் யார்? பொய் என்பதே அறியாதவர் என்று எல்லோரும் போற்றிய க்ஷுதிராம்தான். ஆகவே ஜமீன்தாரின் பார்வை அவர் மீது விழுந்தது. வாழ்நாளெல்லாம் உண்மையே பேசிச் சேர்த்த நற்பெயரை ஒரே ஒரு பொய்க்காகக் கடன் கேட்டார் ராமானந்த ராய். க்ஷுதிராம் மறுத்துவிட்டார்.

மனம் சொல்லும் சமாதானங்கள்

'மறுத்துவிட்டார்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்த மறுப்புக்கு முன் அவர் வீட்டுக்குள் எத்தகைய இரவு கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜமீன்தாரைப் பகைத்துக்கொண்டவர்களின் கதி என்னவாயிற்று என்பதை அவர் அறியாதவர் அல்லர். அவருக்கு அப்போது 39 வயது. சந்திரமணிக்கு 23. மகனுக்கு 9 வயது. மகளோ 4 வயதுக் குழந்தை.

இத்தகைய நேரத்தில் மனம் எத்தனை சமாதானங்களைச் சொல்லும்! 'வழக்கு நம்முடையது அன்று. நாம் சொல்லாவிட்டால் வேறொருவன் சொல்லப் போகிறான்' என்று சொல்லும். 'குழந்தைகளைப் பட்டினி போடுவது மட்டும் தர்மமா?' என்று கேட்கும். 'ஒரு பொய்தானே, பிறகு பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம்' என்று வழிகாட்டும். இவற்றையெல்லாம் விட நுட்பமான ஒரு சமாதானமும் உண்டு. 'வீடு போய்விட்டால் ரகுவீரருக்கு யார் பூஜை செய்வார்கள்? பகவானுக்காகவாவது இந்த வீட்டைக் காப்பாற்ற வேண்டாமா?' என்று பக்தியின் குரலிலேயே அது பேசும். ஆன்மீக வாழ்க்கையில் மிகுந்த விழிப்பு வேண்டிய இடம் இதுவே. பொய்யின் மேல் எழுப்பிய பூஜையறையில் இறைவன் அமர்வானா என்ற கேள்வியை அந்தக் குரல் எழுப்புவதே இல்லை.

க்ஷுதிராமின் பக்தி அந்த வலையில் விழவில்லை. ராமனை வழிபடுவது என்றால் ராமன் எதற்காக வாழ்ந்தானோ அதை வழிபடுவது என்று அவர் அறிந்திருந்தார். அவர் வணங்கிய தெய்வமே வீட்டை விட்டு வெளியேறிய தெய்வம். தந்தையின் வாக்கு பொய்க்கக் கூடாது என்பதற்காக, மறுநாள் முடிசூட வேண்டியவன் மரவுரி தரித்து அயோத்தியின் வாயிலைக் கடந்தான். அந்த ராமனைத் தினமும் மலரிட்டு வழிபட்டவர், தமக்கும் அத்தகைய நாள் வந்தபோது வேறு எப்படி நடந்துகொள்ள முடியும்?

சினம் கொண்ட ஜமீன்தார், க்ஷுதிராம் மீதே மற்றொரு பொய் வழக்கைத் தொடுத்தார். தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சாதகமாகவே அமைந்தது. முன்னோர் தேடிய நிலமும் பிறந்த வீடும் ஏலத்தில் போயின. ஊர் மக்கள் மனம் வருந்தினர்; ஆனால் ஜமீன்தாருக்கு அஞ்சி எவரும் வாய் திறந்து உதவ முன்வரவில்லை.

உண்மைக்காக நின்றவரை நீதிமன்றத்திலேயே இறைவன் காப்பாற்றியிருக்கலாமே என்று நம் மனம் எதிர்பார்க்கிறது. அப்படி நடக்கவில்லை. இதை மறைக்காமல் முதலில் ஏற்றுக்கொண்டால்தான் நம்பிக்கை என்பதன் பொருள் நமக்கு விளங்கும்.

2 மைல் பயணம்

எல்லாம் இழந்த நிலையில் எங்கே போவது என்று தெரியாமல் நின்ற க்ஷுதிராமுக்குக் காமார்புகூரிலிருந்து அழைப்பு வந்தது. அவ்வூரைச் சேர்ந்த சுக்லால் கோஸ்வாமி அவருடைய நெடுநாள் நண்பர். நண்பருக்கு நேர்ந்ததைக் கேள்வியுற்றதும் அவர் உள்ளம் உருகினார். தம் வீட்டு மனையின் ஒரு பகுதியில் இருந்த சில கூரைக் குடிசைகளை க்ஷுதிராமுக்கு நிரந்தரமாகவே அளித்தார். பிழைப்புக்காக லட்சுமிஜலா என்ற வயலில் 1 பிகா 10 சடாக் நிலத்தையும் வழங்கினார்.

இறைவனின் அருள் வானத்திலிருந்து பொன்மழையாகத்தான் பொழிய வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு மனிதரின் கை வழியாகவே வந்து சேர்கிறது. தேரேயில் இரக்கப்பட்டவர் பலர்; காமார்புகூரிலோ இரக்கப்பட்ட ஒருவர் தம் குடிசையைக் காலி செய்து கொடுத்தார். உலகம் பின்னாளில் ஸ்ரீராமகிருஷ்ணரின் பிறப்பிடம் என்று வணங்கப்போகும் மண் அது என்பதை சுக்லால் அறிந்திருக்க முடியாது. வீடிழந்த நண்பருக்கு இடம் கொடுக்கிறோம் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது. வீடிழந்து நிற்பவர்களைக் காணும்போது 'இறைவன் பார்த்துக்கொள்வான்' என்று ஆறுதல் கூறிவிட்டு நகர்ந்துபோவது நம்பிக்கை ஆகாது. இறைவன் பார்த்துக்கொள்ளும் கைகளாக நம் கைகளை நீட்டுவதே நம்பிக்கை.

தேரேயிலிருந்து காமார்புகூருக்கு தூரம் வெறும் 2 மைல். வழிநடைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த அருகாமையே ஒரு சோதனை அல்லவா? தொலைதூர நாட்டுக்குச் சென்றவன் இழந்ததைக் காலப்போக்கில் மறந்துவிடலாம். க்ஷுதிராமோ எஞ்சிய 29 ஆண்டுகளும், பிறர் உழுகின்ற தம் தந்தையின் நிலத்திற்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார். அவர் பழிவாங்க எண்ணியதாகவோ, இழந்ததை மீட்க வழக்காடியதாகவோ அவரது வரலாறு கூறவில்லை. 150 பிகாவை ஆண்டவர் ஏறத்தாழ 34 சென்ட் வயலோடு மனநிறைவு கொண்டு, வானப்பிரஸ்தரைப் போல வாழத் தொடங்கினார். உடல் 2 மைல்தான் நடந்தது. உள்ளம் வெகுதூரம் கடந்துவிட்டது.

முதல் நாற்று

புதிய வாழ்க்கை உடனே செழித்துவிடவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாட்களும் இருந்தன. கவலையோடு வந்து நின்ற சந்திரமணியிடம் க்ஷுதிராம், ரகுவீரரே இன்று உபவாசம் இருப்பதென்றால் நாமும் அவரோடு உபவாசம் இருப்போமே என்று அமைதியாகக் கூறுவாராம். இது வறுமையை வேடிக்கையாக்கிய பேச்சன்று. இறைவனைத் தமக்குப் படியளக்கும் முதலாளியாகக் கருதியவர், படி வராத நாளில் அவனை நோவார். க்ஷுதிராமோ இறைவனைத் தம் குடும்பத்தின் தலைவராகக் கருதினார். தலைவர் பசித்திருக்கும் வீட்டில் மற்றவர்கள் பசித்திருப்பதில் குறை என்ன?

அதே சமயம் அவர் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நடவுக் காலம் வந்ததும் லட்சுமிஜலாவுக்குச் செல்வார். ரகுவீரரின் திருநாமத்தைச் சொல்லி முதல் சில நாற்றுகளைத் தம் கையாலேயே நடுவார். மீதியை உழவர்கள் நட்டு முடிப்பார்கள். அந்தச் சிறு வயலின் விளைச்சல் குடும்பத்திற்கும் போதுமானதாக இருந்தது. வாசலுக்கு வந்த அதிதிகளுக்கும் அன்னமிட உதவியது.

முயற்சியும் சரணாகதியும் ஒன்றுக்கொன்று பகை என்று பலர் எண்ணுகின்றனர். நாற்றை நடாமல் 'ரகுவீரா' என்று சொல்லிக்கொண்டிருப்பது சோம்பல். 'நான் நட்டேன், நான் விளைவித்தேன்' என்று நடுவது அகங்காரம். இரண்டுக்கும் நடுவே, நாமத்தைச் சொல்லிக்கொண்டே நாற்றை நடும் ஒரு வழி இருக்கிறது. எதிர்காலத்தை இறைவனிடம் ஒப்படைப்பது என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே.

இடம் கேட்டு வந்த ரகுவீரர்

காமார்புகூரில் குடியேறிய பின் நிகழ்ந்த ஒரு சம்பவம் க்ஷுதிராமின் வாழ்க்கைக்கே மையமாக அமைந்தது. ஒரு நாள் வேறோர் ஊருக்குச் சென்று திரும்பும் வழியில், களைப்பினால் ஒரு மரநிழலில் படுத்து உறங்கினார். கனவில் ராமபிரான் பாலகனாகக் காட்சி தந்தார். தாம் நெடுநாளாகக் கவனிப்பாரின்றி, உணவின்றி இருப்பதாகவும், தம்மை வீட்டுக்கு அழைத்துச் சென்று சேவை செய்ய வேண்டும் என்றும் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்.

க்ஷுதிராம் தவித்துப் போனார். பக்தி இல்லாதவன், மிகவும் ஏழை, குடிசையில் வாழ்பவன். சேவையில் குறை நேர்ந்தால் அபராதம் ஆகிவிடுமே என்று மன்றாடினார். பாலராமன் அவரைத் தேற்றி, குறையைத் தாம் பொருட்படுத்துவதில்லை என்று அபயம் அளித்தார். விழித்தெழுந்த க்ஷுதிராம் கனவில் கண்ட அதே இடத்தை அருகிலிருந்த நெல் வயலில் கண்டார். அங்கே ஒரு சாளக்கிராமமும், அதன் மேல் படமெடுத்த நாகமும் இருந்தன. அவர் நெருங்கியதும் நாகம் மறைந்தது. அடையாளங்களை ஆராய்ந்தபோது அது ரகுவீர சிலை என்று தெரிந்தது. ஆனந்தத்தோடு அதை எடுத்து வந்து, வீட்டில் ஏற்கெனவே வழிபட்டு வந்த சீதளா தேவியின் அருகே எழுந்தருளச் செய்தார்.

இந்த நிகழ்ச்சியில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டை இழந்தவர் க்ஷுதிராம். நியாயப்படி அவர்தான் இறைவனிடம் வீடு கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. இறைவனே அவரிடம் வந்து இடம் கேட்கிறார்! 50 ஏக்கர் நிலத்தோடு வாழ்ந்தபோது வராத அழைப்பு, பிறர் கொடுத்த குடிசையில் வாழ்ந்தபோது வந்தது. 'என்னிடம் ஒன்றுமில்லையே' என்று அவர் சொன்னதையே தகுதியாக ஏற்றுக்கொண்டார் ரகுவீரர்.

தமிழ் மொழி 'வீடு' என்ற ஒரே சொல்லால் இல்லத்தையும் முக்தியையும் குறிக்கிறது. 'விடு' என்ற வினையடியிலிருந்து பிறந்தது அந்தச் சொல். விட்டவனுக்கே வீடு. க்ஷுதிராம் தமிழ் அறியாதவர். ஆனால் அந்தச் சொல்லின் இரு பொருளையும் தம் வாழ்க்கையால் இணைத்துவிட்டார். பொய்யை ஏற்றிருந்தால் ஒரு வீடு மட்டும் மிஞ்சியிருக்கும். அதை விட்டதனால் இறைவன் வாழும் வீடு கிடைத்தது.

யோக க்ஷேமம் எது?

பகவத் கீதையின் 9-ஆம் அத்தியாயத்தில் 22-ஆம் சுலோகம் பக்தர்களின் நெஞ்சில் நிலைத்தது. வேறு நினைவின்றித் தம்மையே உபாசிப்பவர்களின் யோக க்ஷேமத்தைத் தாமே சுமப்பதாகப் பகவான் அங்கே உறுதியளிக்கிறார். அடையாததை அடைவிப்பது யோகம். அடைந்ததைக் காப்பது க்ஷேமம் என்று ஆதிசங்கரர் விளக்கம் தருகிறார்.

அப்படியானால் ஓர் ஐயம் எழுகிறது. அடைந்ததைக் காப்பது இறைவனின் பொறுப்பு என்றால், க்ஷுதிராமின் தேரே இல்லத்தை அவர் ஏன் காக்கவில்லை? பக்தர்கள் இதைக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை. கேட்காமல் மனத்தில் புதைத்துக்கொள்ளும் ஐயமே பின்னர் விசுவாசத்தை அரிக்கிறது.

சங்கரரின் உரையிலேயே இதற்கு வழி இருக்கிறது. மற்ற பக்தர்களின் யோக க்ஷேமத்தையும் பகவானே சுமக்கிறார்; ஆயினும் அவர்கள் தாங்களும் அதற்காக முனைகிறார்கள். வேறு நினைவற்ற பக்தர்களோ வாழ்விலும் சாவிலும்கூடப் பற்று வைப்பதில்லை. அவர்களுக்குப் பகவானே கதி என்கிறார் ஆசாரியர். அதாவது, எதைத் தன் உடைமை என்று பக்தன் உண்மையிலேயே கருதுகிறானோ அதை இறைவன் காக்கிறான். க்ஷுதிராம் தம் உடைமை என்று கருதியது எது? நிலமா? நிலத்தை அவரே விட்டுக்கொடுத்தார். வீடா? அதையும் இழக்கத் துணிந்தார். எதை இழக்க அவர் சம்மதிக்கவில்லையோ அதுவே அவருடைய உண்மையான உடைமை. அது சத்தியமும் ரகுவீர பக்தியும்தான். அவ்விரண்டிலும் ஓர் அணுவளவும் குறையவில்லை. எந்த ஏலத்தாலும் அவற்றை விற்க முடியவில்லை. க்ஷேமம் காக்கப்பட்டது.

இழந்த பொருள் வட்டியோடு திரும்பி வரும் என்று எண்ணுவது நம்பிக்கை அன்று, அது வாணிபம். தேரே நிலம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. 1824-இல் அவர் கால்நடையாக நம் ராமேஸ்வரத்திற்கு யாத்திரை வந்தார். திரும்பிச் செல்ல ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அங்கிருந்து கொண்டு சென்ற பாணலிங்கம் அவரது பூஜையில் சேர்ந்தது. பின்னர் 1826-இல் பிறந்த மகனுக்கு ராமேஸ்வர் என்று பெயரிட்டார். 1835-இல் கயைக்குச் சென்றார். 1836 பிப்ரவரி 18 அன்று, நெல் குத்தும் உலக்கையும் நெல் அவிக்கும் அடுப்பும் இருந்த ஒரு கூரைக் கொட்டிலில் கதாதரன் பிறந்தான். 1843-இல், விஜயதசமி நாளில், ரகுவீரரின் நாமத்தை உச்சரித்தபடியே க்ஷுதிராம் உடலை நீத்தார். அப்போது கதாதரனுக்கு வயது 7.

அந்த மகன் யார் என்பதை உலகம் அறிவதற்கு இன்னும் பல்லாண்டுகள் இருந்தன. அதைத் தந்தை காணவில்லை. தேரேயை விட்டு நடந்த அந்த நாளிலோ, அவன் பிறக்க இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. பலனைக் கண்டு அவர் நம்பவில்லை, நம்பியதால் நடந்தார். பலன் யாருக்குக் கிடைக்க வேண்டுமோ அவர்களுக்குக் கிடைத்தது. அவர்களில் நாமும் அடங்குவோம்.

தந்தையின் சொத்து

க்ஷுதிராம் தம் மக்களுக்கு நிலபுலன் எதையும் பெரிதாக விட்டுச் செல்லவில்லை. ஆயினும் ஒரு சொத்து மகனுக்குச் சேர்ந்தது. கலியுகத்தில் சத்தியமே தவம் என்று பிற்காலத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர் அடிக்கடி கூறுவார். பாவ புண்ணியம், சுத்தம் அசுத்தம், ஞானம் அஞ்ஞானம் எல்லாவற்றையும் தேவியின் திருவடியில் சமர்ப்பித்த அவரால், சத்தியத்தை மட்டும் சமர்ப்பிக்க முடியவில்லை. ஒருமுறை யது மல்லிக்கின் தோட்ட வீட்டுக்கு வருவதாகச் சொல்லி மறந்துவிட்டார். இரவு வெகுநேரம் கழித்து நினைவு வந்ததும் விளக்கோடு புறப்பட்டுச் சென்று, கதவைச் சற்றே திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினார். சொன்ன சொல் பொய்யாகக் கூடாது! ஒரு பொய்ச் சாட்சி சொல்ல மறுத்து வீட்டையே விட்டவரின் மகன் அல்லவா?

தாயிடமும் அதே நிறைவு இருந்தது. தட்சிணேசுவரத்தில் வாழ்ந்த சந்திரமணியிடம், வேண்டியதைக் கேட்குமாறு மதுர்பாபு வற்புறுத்தினார். வெகுநேரம் யோசித்த அந்த அன்னை, ஓர் அணாவுக்குப் புகையிலை வாங்கித் தந்தால் போதும் என்றார். மதுர்பாபுவின் கண்கள் கலங்கின. 23 வயதில் எல்லாம் இழந்து குடிசைக்கு வந்தவர், கேட்டால் எதுவும் கிடைக்கும் நிலையிலும் அதற்கு மேல் கேட்க அறியவில்லை.

விடுவதும் காப்பதும்

இவ்வளவும் படித்தபின், வீட்டை விட்டு வெளியேறுவதே உயர்ந்த பக்தி என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. காமார்புகூர் வீடே வேறொரு பாடத்தையும் நமக்கு வைத்திருக்கிறது. ஸ்ரீராமகிருஷ்ணர் தம் மறைவுக்கு முன் அன்னை ஸ்ரீசாரதா தேவியாரிடம், காமார்புகூரில் வாழுமாறும், கீரை பயிரிட்டுச் சோறும் கீரையும் உண்டு ஹரி நாமம் சொல்லுமாறும், யாரிடமும் கை நீட்டக் கூடாது என்றும், அன்பர்கள் எவ்வளவு அழைத்தாலும் சொந்தக் குடிசையைப் பாழாக விடக் கூடாது என்றும் கூறியிருந்தார். 1886-க்குப் பின் தீர்த்த யாத்திரை முடித்துத் திரும்பிய அன்னை, அந்த வீட்டில் தனிமையில் வாழ்ந்தார். சோற்றுக்கு உப்பும் இல்லாத நாட்கள் இருந்தன. தம் வறுமையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மாமனார் இறைவனை நம்பி ஒரு வீட்டை விட்டார். மருமகள் இறைவனை நம்பி ஒரு வீட்டைக் காத்தார். இரண்டும் ஒரே நம்பிக்கைதான். விடுவதா காப்பதா என்பதை ஆசையோ அச்சமோ தீர்மானிக்கக் கூடாது. தர்மம் தீர்மானிக்க வேண்டும். பயந்து ஓடுவது தியாகம் ஆகாது. அவ்வாறே, பயந்து பற்றிக்கொண்டிருப்பதும் பக்தி ஆகாது.

நம் இல்லங்களில்

இன்று எத்தனையோ குடும்பங்கள் பரம்பரை வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுகின்றன. பிள்ளைகள் வேலை பார்க்கும் நகரத்திற்கு முதுமையில் போக வேண்டியிருக்கிறது. கடனுக்காக வீடு கைமாறுகிறது. பாகப்பிரிவினையில் கூடம் இரண்டாகிறது. அணைக்காகவும் சாலைக்காகவும் ஊரே இடம் பெயர்கிறது. 1947-இல் பிரிவினையின்போது லட்சக்கணக்கானோர் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே, திரும்பிப் போக முடியாத வீடுகளை விட்டு வந்தனர். இவர்கள் அனைவரின் துயரமும் உண்மையானது. அழுகை வந்தால் அழலாம். அதனால் பக்தி குறைந்துவிடாது.

புறப்படும் முன் சிலவற்றை மட்டும் எண்ணிப் பார்ப்பது நல்லது. இந்த வீட்டுக்காக எவரிடமாவது பொய் சொல்லியிருக்கிறோமா? உடன்பிறந்தவரின் பங்கில் ஒரு சாண் சேர்ந்திருக்கிறதா? இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். மனச்சுமை இல்லாத பயணம் எளிதாக இருக்கும். பூஜை மாடத்தில் நாமம் சொல்லிக் கும்பிட்டுவிட்டு, அந்த நாமத்தைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்; அதற்கு வண்டியில் தனி இடம் வேண்டியதில்லை. புதிய இடத்தில், அது மூன்றாவது மாடியில் ஓர் ஒற்றை அறையாக இருந்தாலும், முதல் வேலையாக இறைவனுக்கு ஒரு மூலையை ஒதுக்க வேண்டும். அங்கே அண்டை வீட்டில் எவரேனும் தனிமையில் தவித்தால், சுக்லால் கோஸ்வாமியின் நினைவு நமக்கு வர வேண்டும். பின்னர் முதல் நாற்றை அவன் பெயர் சொல்லி நட வேண்டும். மீதியை அவன் நடத்துவான்.

காமார்புகூரில் 1951-இல் ஸ்ரீராமகிருஷ்ணர் பிறந்த இடத்தில் கோயில் எழுந்தது. அதன் அருகே சிறிய சன்னிதியில் ரகுவீரருக்கும், சீதளா தேவிக்கும், ராமேஸ்வர சிவனுக்கும் இன்றும் நித்திய பூஜை நடைபெறுகிறது. க்ஷுதிராம் வாழ்ந்த கூரை வீட்டையும் பக்தர்கள் சுற்றி வந்து வணங்குகின்றனர். ஒரு ஜமீன்தார் வீட்டைப் பறித்தார். ஒரு நண்பர் இடம் கொடுத்தார். இறைவன் அங்கே இடம் கேட்டு வந்தார். எந்த வீட்டில் இருந்தாலும், எந்த வீட்டை விட்டுப் புறப்பட்டாலும், அவர் கேட்கும்போது 'இதோ இடம் இருக்கிறது' என்று சொல்லக்கூடிய உள்ளத்தை ரகுவீரர் நமக்கு அருள்வாராக!